கற்பனை மக்கர் பண்ணும்போது எங்கே தட்டிப் பார்ப்பது?

கதை எழுத உட்கார்ந்தவர், யூடியூப் சேனலுக்கு அடுத்த வீடியோ என்னவென்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர், மார்கழிக் கோலத்தில் இந்த வருஷமாவது புதிதாக ஒன்று போட நினைப்பவர், ஆபீஸில் விளம்பர வாசகம் கேட்டு நச்சரிக்கப்படுபவர். இவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் ஒரே வரியைச் சொல்வார்கள்: "ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

உடனே அறிவுரை வரும். "அதை விட்டுட்டு ஒரு நடை போய்ட்டு வா" என்பார் ஒருவர். "எழுந்திருக்காதே, வருதோ வரலையோ உட்கார்ந்து எழுது" என்பார் இன்னொருவர். இரண்டும் நேர் எதிர். ஆனால் இரண்டுமே பலருக்குப் பலித்திருக்கிறது. ஏனென்றால் புகார்தான் ஒன்று, கோளாறு பல. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுபோனால், விவரம் தெரிந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் மாற்றமாட்டார். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி அடிக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். நாமும் அப்படிப் பார்க்க வேண்டுமானால், ஒரு புது யோசனை எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டி வருகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்குப் புதுசு?

படைப்பாற்றலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் இலக்கணம் ரொம்பச் சின்னது. செய்தது புதிதாக இருக்க வேண்டும், அந்த இடத்துக்குப் பொருந்தவும் வேண்டும். ரசத்தில் ஐஸ்கிரீம் போட்டால் அது புதிதுதான். யார் சாப்பிடுவது?

இதில் "புதிது" என்ற பாதிதான் ஆரம்பத்திலேயே பலரைக் கவிழ்த்துவிடுகிறது. மார்கரெட் போடன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதை இரண்டாகப் பிரித்தார். உலகத்தில் இதுவரை யாருமே செய்யாதது ஒன்று. வேறு யார் செய்திருந்தாலும் சரி, செய்தவருடைய மனத்தில் முதல்முறையாக முளைத்தது இன்னொன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பாடப்புத்தகத்தைப் பார்க்காமல் தானாகவே ஒரு கணக்குக்குக் குறுக்குவழி கண்டுபிடித்தால், அந்த வழி நூறு வருஷப் பழசாக இருந்தாலும் பிள்ளையின் மூளை செய்த வேலை அசல்தான். கற்றுக்கொள்கிற காலத்தில் இந்த இரண்டாவது வகை போதும். "இதை ஏற்கெனவே யாராவது எழுதியிருப்பாங்களோ" என்ற சந்தேகத்தில் பேனாவை மூடி வைக்கிறவர்கள், முதல் நாளே முதல் வகைக்கு ஆசைப்படுகிறவர்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். வலது மூளைக்காரர்கள் கலைஞர்கள், இடது மூளைக்காரர்கள் கணக்குப் பிள்ளைகள் என்ற பேச்சு. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அலசிப் பார்த்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்வது உண்மை. ஆனால் ஒட்டுமொத்தமாக "இவர் வலது, அவர் இடது" என்று ஆட்களைப் பிரிக்க முடியவில்லை. ஆக, "எனக்கு அந்தப் பக்கம் வேலை செய்யாது சார்" என்ற சாக்கு செல்லாது.

குதிரை ஆம்னிபஸ்ஸில் வந்த விடை

யோசனை பிறக்கும் கதைகளில் எனக்கு மிகவும் உதவியது பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே சொன்னது. 1880 வாக்கில் நடந்தது. 1908இல் அவரே எழுதிவைத்தார். ஒருவகைக் கணிதச் சார்புகளை (functions) ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவை இருக்கவே முடியாது என்று நிரூபிக்க நினைத்து, பதினைந்து நாள் தினமும் மேஜை முன்னால் உட்கார்ந்து எதை எதையோ இணைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மாலை, வழக்கத்துக்கு மாறாகக் கடுங்காப்பி குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டபோது, எண்ணங்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. காலையில் பார்த்தால், இருக்கவே முடியாது என்று அவர் நினைத்த சார்புகளில் ஒரு வகை இருக்கிறது என்பதையே நிறுவிவிட்டிருந்தார்.

அதன்பிறகு கான் நகரத்திலிருந்து ஒரு நிலவியல் பயணம். ஊர் சுற்றியதில் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. கூட்டான்ஸ் என்ற ஊரில் ஆம்னிபஸ் ஏறினார். (குதிரை இழுக்கும் ஆம்னிபஸ், நம்மூர் ஏசி ஸ்லீப்பர் இல்லை.) படியில் கால் வைத்த கணத்தில், முன்னறிவிப்பே இல்லாமல், தன் சார்புகளுக்குப் பயன்படுத்திய மாற்றங்களும் யூக்ளிட் அல்லாத (பள்ளியில் படிக்கும் தட்டைப் பரப்பு விதிகளுக்கு அடங்காத) வடிவியலின் மாற்றங்களும் ஒன்றே என்று தோன்றியது. சரிபார்க்க நேரமில்லை, இருக்கையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஆனால் உள்ளே சந்தேகமே இல்லை. ஊர் திரும்பியபின் சாவகாசமாக எழுதிச் சரிபார்த்தார்.

இதைப் போன்ற அனுபவங்களை வைத்துத்தான் ஆங்கிலேயரான கிரஹாம் வாலஸ் 1926இல் நான்கு கட்டங்களைச் சொன்னார். தயாரிப்பு, அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல். புவான்காரேயின் பதினைந்து நாள் தயாரிப்பு. ஊர் சுற்றல் அடைகாத்தல். படியில் கால் வைத்தது பளிச்சிடல். வீட்டில் உட்கார்ந்து எழுதியது சரிபார்த்தல். நிஜத்தில் இவை இப்படி வரிசை கட்டி நிற்பதில்லை, முன்பின்னாக ஓடும். ஒரே மாலையில் நான்கையும் மூன்று தடவை சுற்றி வரலாம். ஆனாலும் நூறு வருஷம் கழித்தும் கோளாறு கண்டுபிடிக்க இதைவிடக் கைக்கு அடக்கமான வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நமக்குச் சொல்லப்படும் கதைகளில் மூன்றாவது கட்டம் மட்டும்தான் மிஞ்சும். ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியதைச் சொல்வார்கள். அதற்கு முன் அவர் வடிவியலில் ஊறிக் கிடந்த வருஷங்களை யாரும் சொல்வதில்லை. அந்தத் தொட்டிக் கதையையே, அவர் இறந்து கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுக்குப் பிறகுதான் விட்ருவியஸ் என்ற ரோமானியர் எழுதினார். ஆக, தோணாமல் தவிக்கிறவர் தனக்கு மூன்றாவது கட்டத்தில்தான் பிரச்சினை என்று நினைக்கிறார். உண்மையில் அந்தக் கட்டத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது தானாக வரும் அல்லது வராது. தட்டிப் பார்க்க வேண்டியது மற்ற மூன்றையும்தான்.

சரக்கு இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இது. வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் காரணமும் இதுதான். மீனவர் குப்பத்தைப் பற்றிக் கதை எழுத ஆசை. ஆனால் வலை எத்தனை வகை, படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், ஏலம் எப்படி விடுவார்கள் என்று எதுவும் தெரியாது. மூன்றாவது பத்தியில் பேனா நின்றுவிடும். அதற்கு உத்வேகம் குறைவு என்று பெயர் வைத்தால், நிவாரணம் எங்கேயும் கிடைக்காது. ஒருநாள் விடிகாலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்றால் கிடைக்கும்.

கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்பது மேடையிலேயே அந்த நேரத்தில் உருவாக்குவது. ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் யாரும் மாணவனை முதல் நாள் கல்பனா ஸ்வரம் பாடச் சொல்வதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், பிறகு ஏகப்பட்ட கீர்த்தனைகள். ஒரு ராகத்தில் இருபது உருப்படி தொண்டையில் உட்கார்ந்த பிறகு, அந்த ராகம் எங்கே வளையும், எங்கே நிற்கும் என்று பாடகருக்குச் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்துபோகிறது. மேடையில் புதிதாக ஒரு பிடி வந்து விழுகிறதென்றால், அது இந்தக் கிடங்கிலிருந்து வருகிறது. பாட்டுக்குச் சொன்னது கோலத்துக்கும் கோடிங்குக்கும் பொருந்தும்.

பெட்டியும் செருப்பும்

சில சமயம் சரக்கெல்லாம் கண்முன்னே இருக்கும். ஆனால் ஒரே விதமாகத்தான் கண்ணில் படும். இது வேறு கோளாறு. ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டுங்கர் இதைக் காட்ட ஒரு சோதனை வைத்தார். மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறையக் குண்டூசி ஆணிகள். மெழுகு மேஜையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பலர் மெழுகுவர்த்தியையே ஆணியால் குத்திப் பார்த்தார்கள்; உருக்கி ஒட்டப் பார்த்தார்கள். விடை, ஆணிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரில் அடித்து, அதை ஒரு தட்டாக்கி, மேலே மெழுகுவர்த்தியை நிறுத்துவது. பெட்டி "ஆணி வைக்கிற சாமான்" என்று மனத்தில் பதிந்துவிட்டதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. அதே பெட்டியைக் காலியாகக் கொடுத்தபோது நிறையப் பேர் சட்டென்று கண்டுபிடித்தார்கள்.

இதே வித்தையைத் தமிழில் சொற்களை வைத்துச் செய்திருக்கிறார்கள். காளமேகப் புலவரிடம், "செருப்பு" என்று தொடங்கி "விளக்குமாறு" என்று முடியும்படி முருகனைப் பாடச் சொன்னார்களாம். தனிப்பாடல் திரட்டு வழியாக நமக்கு வந்த கதை. நடந்ததோ இல்லையோ, வெண்பா கையில் இருக்கிறது:

"செருப்புக்கு வீரர்களைச் சென்றுழக்கும் வேலன்
பொருப்புக்கு நாயகனைப் புல்ல – மருப்புக்குத்
தண்டேன் பொழிந்த திருத்தா மரைமேல்வீற்
றிருக்கும்வண் டேவிளக்கு மாறே."

காலில் போடுகிற பொருளாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் முருகனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே முடியாது. புலவர் அதை உடைத்துவிட்டார். செரு என்றால் போர். செரு புக்கு, அதாவது போரில் புகுந்து வீரர்களை உழக்கும் வேலன். கடைசியில் துடைப்பமும் அதேபோல உடைகிறது: தாமரைமேல் இருக்கும் வண்டே, அவனைத் தழுவ எனக்கு வழி சொல், விளக்கும் ஆறே. டுங்கரின் பெட்டி ஆணியிலிருந்து விடுபட்டதைப் போல இங்கே எழுத்துகள் பழைய பொருளிலிருந்து விடுபட்டன.

நம் வேலையில் இதை எப்படிச் செய்வது? கையில் இருப்பதைப் பெயர் சொல்லாமல் விவரித்துப் பாருங்கள். "பெட்டி" என்று சொல்லாதீர்கள். "நாலு பக்கம் மடக்கிய தடித்த அட்டை" என்று சொல்லுங்கள். கதையில் "வில்லன்" என்று எழுதி வைத்திருக்கும் ஆளை "கடன் கொடுத்துவிட்டு வாங்க முடியாமல் தவிக்கிறவர்" என்று மாற்றி எழுதுங்கள். பெயர் கழன்றதும் பொருள் வேறு வேலைக்குத் தயாராகிவிடும். சும்மா சொல்லவில்லை, எனக்கு அடிக்கடி கைகொடுக்கும் வழி இதுதான்.

முட்டையை அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள்

சரக்கும் இருக்கிறது, புரட்டிப் புரட்டியும் பார்த்தாகிவிட்டது, நகரவில்லை. "நடை போய்ட்டு வா" என்ற அறிவுரை செல்லுபடியாவது இப்போதுதான். முன்னால் சொன்ன புவான்காரே பதினைந்து நாள் உழைத்த பிறகுதான் ஊர் சுற்றினார் என்பதை மறக்கக் கூடாது. முட்டையே இல்லாத கூட்டில் உட்கார்ந்து என்ன பயன்?

இடைவெளி விட்டால் பலன் உண்டா என்று பார்த்த 117 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் சியோ, ஓர்மெராட் என்ற இருவர் அலசினார்கள். பலன் உண்டு என்று வந்தது. அதிலும், மொழி சார்ந்த புதிர்களில், இடைவேளையில் மூளையைக் கசக்காத லேசான வேலை செய்தவர்கள், கடினமான வேலை செய்தவர்களைவிட மட்டுமல்ல, சும்மா இருந்தவர்களைவிடவும் நன்றாகச் செய்தார்கள். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, கீரை ஆய்வது எல்லாம் இந்த ரகம். கீரை ஆயும்போது கதை நகர்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

நடப்பதைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வு உண்டு. 2014இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த இரண்டு பேர், உட்கார்ந்து யோசிக்கிறவர்களையும் நடந்துகொண்டே யோசிக்கிறவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு பொருளுக்கு எத்தனை விதமான பயன் சொல்ல முடியும் என்பது மாதிரியான கேள்விகள். நடந்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் நடை அப்படி உதவவில்லை. கணக்குப் பரீட்சைக்கு நடந்து பிரயோஜனமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்? பாரிஸில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓர் எண் புதிருக்குள் மறைந்திருந்த குறுக்குவழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இடையில் கண்ணயரச் சொன்னார்கள். கொட்டாவி விட்டுத் தூக்கத்தின் வாசற்படியில் பதினைந்து நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் சுமார் 30 சதவீதம். ஆனால் ஆழ்ந்து தூங்கிவிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண் சொருகுவதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது.

கெடுப்பது எது என்றால், கைபேசி. இடைவேளை என்று சொல்லிவிட்டு ரீல்ஸ் பார்த்தால் அது லேசான வேலை போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு அரை நிமிஷத்துக்கும் புதிதாக ஒன்று கவனத்தைப் பிடித்து இழுக்கிறது. முன்பு பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் இருந்த வெறும் நேரம் இப்போது யாருக்கும் இல்லை. தோணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

சீக்கிரம் வந்துவிடும் வாத்தியார்

இனி நான்காவது கட்டம். சரிபார்ப்பு அவசியம்; ஆனால் அது வேளைகெட்ட வேளையில் வந்தால் முதல் வரியே வெளியே வராது. என் கணிப்பில், ஏற்கெனவே நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். ரசனை வளர வளர உள்ளே உட்கார்ந்திருக்கும் வாத்தியாரின் கண்ணும் கூர்மையாகிவிடுகிறது. கை அந்த வேகத்தில் வளர்வதில்லை.

மைக் ரோஸ் என்பவர் 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் பத்துக் கல்லூரி மாணவர்களைக் கூர்ந்து பார்த்தார். ஐந்து பேர் எழுத முடியாமல் தவிக்கிறவர்கள், ஐந்து பேர் சுலபமாக எழுதுகிறவர்கள். அவர் பார்த்தவரையில் வித்தியாசம் திறமையில் இல்லை. தவித்தவர்கள் சில விதிகளைக் கல்வெட்டு மாதிரி வைத்திருந்தார்கள். "நல்ல கட்டுரை முதல் பத்தியிலேயே வாசகரைக் கட்டிப்போட வேண்டும்" என்பது அதில் ஒன்று. அந்தப் பத்தி சரியாக வரும்வரை, அதை நம்பிய மாணவிக்கு இரண்டாம் பத்தி கிடையாது. எழுத முடிந்தவர்களிடமும் விதிகள் இருந்தன. ஆனால் "சரிவரலையா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற வாலும் கூடவே இருந்தது.

மூளைப் படத்திலும் இதன் சாயலைப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் லிம், பிரான் என்ற இருவர், ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மடியில் ஒரு சின்னக் கீபோர்டைக் கொடுத்தார்கள். மனப்பாடமான இசையை வாசித்தபோதைவிட, அந்த நேரத்தில் இட்டுக்கட்டி வாசித்தபோது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருந்தன. ஆறே பேர்தான், அதனால் பெரிய முடிவெல்லாம் கட்ட வேண்டாம். ஆனால் மேடையில் ஏறியதும் "சரியாப் போகுதா, சரியாப் போகுதா" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பாடகருக்குக் கல்பனை ஓடாது என்பது எந்தப் பாட்டு வாத்தியாருக்கும் தெரிந்ததுதான்.

வாத்தியாரை வெளியே நிறுத்தச் சுலபமான வழி, வேகம். பத்து நிமிஷம் டைமர் வைத்து, பேனாவை எடுக்காமல், அடிக்காமல், திருத்தாமல் எழுதுவது. எழுத ஒன்றுமில்லை என்றால் "எழுத ஒன்றுமில்லை" என்றே எழுதுவது. முக்கால்வாசி குப்பையாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை. மறுநாள் அதில் உயிருள்ள ஒரு வரி கிடைத்தால் போதும், அப்போது வாத்தியாரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

வாத்தியாரோடு சேர்ந்து வரும் இன்னொருவர், "இதுக்கு எத்தனை லைக் வரும்" என்று கேட்கிறவர். அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபிலி 1985இல் எழுத்து ஆர்வம் உள்ள 72 பேரை ஹைக்கூ பாணியில் ஒரு கவிதை எழுதச் சொன்னார். பிறகு ஒரு குழுவிடம் பணம், புகழ் போன்ற வெளிக் காரணங்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு குழுவிடம் எழுதுவதில் கிடைக்கும் இன்பம் போன்ற உள்காரணங்களின் பட்டியல். அதன்பின் இன்னொரு கவிதை. கவிஞர்களே நடுவர்கள். வெளிக் காரணங்களைச் சில நிமிஷம் நினைத்ததற்கே முதல் குழுவின் இரண்டாவது கவிதைகள் தரம் இறங்கின.

அதற்காகக் காசே கூடாது என்றில்லை. டுங்கரின் மெழுகுவர்த்தியை வைத்து சாம் கிளக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1962இல் பார்த்தார். பரிசு உண்டு என்று சொல்லப்பட்டவர்களுக்கு, ஆணி நிறைந்த பெட்டியாக இருந்தால் விடை கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. காலிப் பெட்டியாக இருந்தால் பரிசு வேகத்தைக் கூட்டியது. வழி தெரிந்த வேலைக்குப் பரிசு நல்லது. வழி தேட வேண்டிய வேலைக்கு அது கண்ணைக் கட்டிவிடுகிறது.

மூடுக்குக் காத்திருந்தால்

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர்களுக்கு மூடு என்ற வசதி இருந்ததில்லை. அடுத்த அத்தியாயத்துக்காக அச்சகத்திலிருந்து ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர், எழுத முடியாமல் தவித்த பேராசிரியர்களை மூன்று குழுவாக்கிப் பார்த்தார். ஒரு குழு அவசரம் வந்தாலொழிய எழுதக் கூடாது. ஒரு குழு தோணும்போது எழுதலாம். மூன்றாவது குழு, தோணினாலும் தோணாவிட்டாலும் குறித்த நாளில் எழுதியே ஆக வேண்டும் என்ற கெடுபிடியில் இருந்தது. அதிகப் பக்கம் எழுதியது மூன்றாவது குழு என்பதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், அவர்களுக்குத்தான் புது யோசனைகளும் அதிகம் வந்தன: ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. தோணும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று.

ஆண்டனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்த காலத்திலும் அதை விட்ட பிறகும், விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதி, 47 நாவல்களை முடித்தார். 1883இல் வெளியான சுயசரிதையில் இந்த ரகசியத்தைச் சொன்னதும் அவர் மதிப்பு சரிந்தது. குமாஸ்தா மாதிரி எழுதியவன் கலைஞனா என்று கேட்டார்கள்! வாசகர்களுக்கும் அந்த மூன்றாவது கட்டத்தின் மேல்தான் மோகம்.

அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே சொன்ன ஒரு யோசனையையும் சேர்த்துக்கொள்ளலாம்: அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்துங்கள். வற்றும்வரை இறைத்துவிட்டு எழுந்தால் மறுநாள் மறுபடி பூஜ்யத்திலிருந்து. பாதி வாக்கியத்தில் எழுந்தால் மறுநாள் கை தானாக ஓடும்.

கட்டுப்பாடு என்ற சலுகை

எதைப் பற்றியும் எழுதலாம் என்பது சுதந்திரம் போலத் தெரியும். நிஜத்தில் அதுதான் பெரிய முட்டுக்கட்டை. ஒரு பேச்சுக்கு, தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "என் தாத்தா மிகவும் நல்லவர், உழைப்பாளி" என்று தொடங்கி அங்கேயே நிற்கும். இப்போது கட்டுப் போடுங்கள்: தாத்தா சைக்கிளை நிறுத்திப் பூட்டுவதைப் பற்றி மட்டும், எட்டு வரி, "நல்லவர்", "பாசம்" என்ற சொற்கள் வரக் கூடாது. ஸ்டாண்டைப் போடுவதற்கு முன் செயின் கவரைத் துண்டால் ஒரு தடவை தட்டுவார். பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பார், நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். கூட வருகிற பேரன் அதற்குள் மிட்டாய்க் கடை வாசலில் நிற்பான். எட்டு வரி முடியும் முன்பே தாத்தா எப்படிப்பட்ட ஆள் என்று வந்துவிடும்.

கட்டுப்பாட்டில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்றால் பாடும்போது உதடு ஒட்டவோ குவியவோ கூடாது. அதாவது ப, ம, வ போன்ற எழுத்துகளுக்கு இடமில்லை. அது போதாதென்று அடிதோறும் யமகம் (ஒரே எழுத்துத் தொடர் வேறுவேறு பொருளில் திரும்ப வருவது), செய்யுள்தோறும் அந்தாதி (ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம்). 1969இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக், அந்த மொழியில் அதிகம் புழங்கும் 'e' எழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதினார். வழக்கமான சொல் தடுக்கப்பட்டால் மனம் பக்கத்துத் தெருவில் நுழைந்தாக வேண்டும். அங்கேதான் புதியது கிடக்கிறது.

எதுவும் வேலை செய்யாதபோது

சில முடக்கங்கள் உத்தியில் அடங்காது. 1897இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய இசையமைப்பாளர் செர்கே ரஹ்மானினோவின் முதல் சிம்பொனி அரங்கேறியது. வாசிப்பு மோசம், ஒரு விமர்சகர் அதை எகிப்தின் கொள்ளைநோய்களோடு ஒப்பிட்டு எழுதினார். ரஹ்மானினோவுக்கு அப்போது 24 வயதுகூட ஆகவில்லை. அதன்பின் ஏறக்குறைய மூன்று வருஷம் குறிப்பிடும்படியாக எதுவும் எழுத முடியவில்லை. இசை நிகழ்ச்சிகளை நடத்திப் பிழைப்பு ஓடியது. 1900இல் நிகொலாய் டால் என்ற மருத்துவரிடம் போனார். தினமும் சாய்வு நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருத்தி, "நீங்கள் உங்கள் கான்செர்டோவை எழுதுவீர்கள், சுலபமாக எழுதுவீர்கள்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதாக ரஹ்மானினோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். (கான்செர்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு.) அந்த ஆண்டு எழுத ஆரம்பித்தார். முதலில் முடித்தது இரண்டாம், மூன்றாம் பகுதிகளை. அவை டிசம்பரில் மேடையேறிய பிறகுதான் முதல் பகுதி வந்தது. 1901இல் முழுசாக அரங்கேறிய அந்த இரண்டாவது பியானோ கான்செர்டோவை டாலுக்கே காணிக்கையாக்கினார்.

மனோவசியம்தான் குணப்படுத்தியதா, இசை ஆர்வமுள்ள ஒரு மருத்துவரோடு தினமும் பேச முடிந்ததே போதுமாக இருந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எழுத்து மட்டும் வரவில்லை என்பது வேறு. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், முன்பு ரசித்த எதுவும் ரசிக்காமல் வாரக்கணக்கில் போகிறது என்பது வேறு. இரண்டாவது வகைக்கு டைமரும் நடையும் போதாது. அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், இந்தியாவில் டெலி மனாஸ் என்ற அரசுச் சேவையின் 14416 எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.